கதவில்லாத காருக்கு ஒரு அரைக்கதவு

காருன்னா என்னென்ன இருக்கணும்? நாலு சக்கரம், ஸ்டியரிங், பிரேக், இன்ஜின். கதவு? "இதென்னய்யா கேள்வி"ன்னு சிரிப்பீங்க. ஆனா 1957-ல் இங்கிலாந்தில் ஒருத்தர், கதவுன்னு ஒண்ணே இல்லாத காரை விற்பனைக்குக் கொண்டு வந்தார். ஜனங்களும் வாங்கினாங்க. ஆள் பேரு காலின் சாப்மன். கார் பேரு லோட்டஸ் செவன்.

அந்தக் கார் ஏறக்குறைய அதே உருவத்தில், கேட்டர்ஹாம் செவன் என்ற பெயரில், இன்னிக்கும் தயாராகிறது. இன்னிக்கும் அதுக்கு நாம நினைக்கிற மாதிரியான கதவு கிடையாது.

இந்தக் காரோட இன்ஜின், வேகம், பந்தயம் பத்தியெல்லாம் எழுத நிறைய பேர் இருக்காங்க. நான் எழுத வந்தது ஒரு சின்ன சாமானைப் பத்தி. அரைக்கதவு. கம்பெனி கொடுக்கிற முழுத் தடுப்பைக் கழற்றி வீட்டில் வச்சுட்டு, வெளி ஆட்கள் செஞ்சு விற்கிற பாதி உயரக் கதவை வாங்கி மாட்டிக்கிறது. இதில என்ன பெரிய வரலாறு இருக்கப் போகுதுன்னு தோணும். இருக்கு. கொஞ்சம் பின்னாடி போவோம்.

*

ரெண்டாம் உலகப்போர் முடிஞ்ச காலத்து இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார்களைப் படத்துல பார்த்திருப்பீங்க. எம்ஜி டிசி (1945), டிரையம்ப் டிஆர்2 (1953) மாதிரி வண்டிகள். அதுக்கெல்லாம் கதவு உண்டு. ஆனா கதவோட மேல்விளிம்பு நேர்க்கோடா இருக்காது. நடுவுல அரிவாளால வெட்டி எடுத்த மாதிரி கீழே இறங்கியிருக்கும். காரணம், ஓட்டுறவரோட முழங்கை. பெரிய ஸ்டியரிங், குறுகின உட்காருமிடம். கையை வீசித் திருப்ப இடம் வேணும், அதனால கதவைக் குறைச்சாங்க.

கண்ணாடி ஜன்னலும் அந்த வண்டிகள்ல கிடையாது. மழை வந்தா தனியா ஒரு சட்டத்துல துணியும் பிளாஸ்டிக்கும் போட்ட பக்கத்திரையை எடுத்துச் சொருகணும். நம்ம ஊர் ஆட்டோவுல மழைக்கு இறக்கி விடுவாங்களே ரெக்சின் திரை, அதோட பணக்காரத் தம்பின்னு வச்சுக்குங்க.

டிஆர்2-வில் ஒரு வேடிக்கை உண்டு. ஆரம்பத்தில் வந்த வண்டிகளோட கதவு அடி வரைக்கும் நீளமா இருந்தது. உயரமான நடைபாதை ஓரமா வண்டியை நிறுத்தினா கதவு திறக்காது, நடைபாதையில இடிக்கும். 1954-லேயே கதவை அடியில் குறைச்சுட்டாங்க. ஏற்கெனவே மேலே கை வைக்க வெட்டு, இப்ப கீழேயும் வெட்டு. கதவு தேய்ஞ்சுக்கிட்டே வருது பாருங்க!

அப்புறம் காத்து எதிர்ப்பக்கம் வீசுச்சு. 1961-ல் டிரையம்ப் டிஆர்4, 1962-ல் எம்ஜிபி. ரெண்டுலயும் கைப்பிடியைச் சுத்தினா ஏறி இறங்குற கண்ணாடி ஜன்னல். வாங்குறவங்களுக்கு சொகுசு பிடிச்சுப் போச்சு. பக்கத்திரைக்கு மெல்ல மெல்ல மூடுவிழா. செவன் மட்டும் இந்த ஊர்வலத்துல சேரவே இல்லை. ஏன்?

*

முதல் காரணம் அதோட எலும்புக்கூடு. லண்டன் ஹார்ன்சியில் சாப்மனோட அப்பா நடத்தின ரயில்வே ஹோட்டலுக்குப் பின்னாடி இருந்த பழைய குதிரை லாயம்தான் லோட்டஸின் முதல் பட்டறை. காசு கம்மி, மூளை ஜாஸ்தி. மெல்லிய இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமா வெல்டிங் பண்ணிக் கூடு கட்டி, அதுமேல அலுமினியத் தகடு அடிக்கிறது அவர் வழி. இதுக்கு ஸ்பேஸ்ஃப்ரேம்னு பேரு. ஒவ்வொரு குழாயும் சுமையைப் பங்கு போட்டுக்கும். எதுவும் சும்மா இருக்காது.

இப்ப இதுல கதவு வைக்கணும்னா பக்கவாட்டுல ஓடுற குழாயை அறுக்கணும். கயித்துக் கட்டில்ல ஒரு பக்கச் சட்டத்தை அறுத்துட்டுப் படுத்துப் பாருங்க, என்ன ஆகும்னு தெரியும். அறுத்த இடத்தைச் சரிக்கட்ட வேற எங்கயாவது கனமான இரும்பு சேர்க்கணும். அப்புறம் கீல், பூட்டு, கைப்பிடி, கண்ணாடி, ரப்பர். ஒவ்வொண்ணும் எடை. சுமார் 40 குதிரை சக்தி கொடுக்கிற 1172 சிசி ஃபோர்டு இன்ஜினை வச்சுக்கிட்டு வேகம் காட்டணும்னா எடையைத் தவிர வேற எதுல கை வைக்க முடியும்? அதனால கதவை விட்டுட்டார். பக்கச்சுவர் தாழ்வா இருக்கும். காலைத் தூக்கிப் போட்டு உள்ளே இறங்கிக்க வேண்டியதுதான்.

ரெண்டாவது காரணம் வரி. அந்தக் காலத்துல பிரிட்டனில் புதுக் காருக்கு கொள்முதல் வரின்னு ஒண்ணு இருந்தது. 1957-ல் அது காரோட மொத்த விலையில் 60 சதவீதம். ஆனா காரைப் பிரிச்ச நிலையில், கிட்டா வாங்கி, நீங்களே கோர்த்துக்கிட்டா அந்த வரி கிடையாது. செவன் பெரும்பாலும் போனது இந்த வழியிலதான். கோர்க்கும் முறையை எழுதிக் கொடுத்தா வரிக்காரங்க பிடிச்சுக்குவாங்கன்னு, காரை எப்படிப் பிரிக்கிறதுன்னு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்ததாவும், வாங்கினவங்க அதைக் கடைசியிலிருந்து தலைகீழாப் படிச்சதாவும் ஒரு கதை ரசிகர்கள் நடுவுல ரொம்பப் பிரபலம். (நம்ம ஆடிட்டர்கள் கேட்டா பெருமைப்படுவாங்க!)

என்னைப் பொறுத்தவரைக்கும் அரைக்கதவோட நிஜமான ஆரம்பம் இந்த வரிதான். ஸ்பானர் பிடிச்சுத் தன் காரைத் தானே கோர்த்த மனுஷன், "கம்பெனி கொடுத்தது இவ்வளவுதான், நாம தொடக்கூடாது"ன்னு நினைக்க மாட்டான். காரை முடிக்கிறதே தன் வேலைன்னு நினைப்பான். இங்க ஒரு ஓட்டை போடுவான், அங்க ஒரு பிராக்கெட் அடிப்பான். அப்படிப்பட்ட ஆட்கள் சேர்ந்த இடத்துல அவங்களுக்குன்னு சாமான் செஞ்சு விற்கிற சின்னப் பட்டறைகள் முளைக்காம இருக்குமா?

1973-ல் பிரிட்டனில் கொள்முதல் வரி போய் வாட் வந்தது. கிட்டுக்கு இருந்த சலுகையும் போச்சு. லோட்டஸ் அதுக்குள்ள பெரிய மனுஷங்களுக்கான கார் பக்கம் நகர்ந்துடுச்சு. அதே 1973-ல், சர்ரே பகுதியில் கேட்டர்ஹாம் ஊரில் செவன் விற்பனை செஞ்சுக்கிட்டிருந்த கிரஹாம் நியர்ன், அதைத் தயாரிக்கும் உரிமையை வாங்கினார். கொஞ்ச நாள் ஃபைபர் உடம்பு போட்ட நாலாம் வரிசைக் காரைச் செய்து பார்த்துட்டு, 1974-ல் பழைய மூணாம் வரிசைக்கே திரும்பிட்டார். கம்பெனி 2011-ல் மலேசியாவின் டோனி பெர்னாண்டஸ் கைக்கும், 2021-ல் ஜப்பானின் விடி ஹோல்டிங்ஸ் கைக்கும் போனது. முதலாளி மாறினாலும் கார் மாறலை. 2021-ல் வந்த செவன் 170 மாடலோட எடை வெறும் 440 கிலோ.

*

சரி, கதவு இல்லாம ஓட்டினா என்ன கஷ்டம்? 1967-ல் வந்த 'தி பிரிசனர்' தொலைக்காட்சித் தொடரில் பேட்ரிக் மெக்கூஹன் லண்டனுக்குள்ள கதவில்லாத செவனை ஓட்டிக்கிட்டு வருவார். பார்க்க ராஜா மாதிரி இருக்கும். ஆனா டிவியில குளிர் தெரியாது.

வேகமா போகும்போது காத்து முன்கண்ணாடிக்கு மேலேயும் பக்கத்துலயும் பிளந்துக்கிட்டு போகும். கண்ணாடிக்குப் பின்னாடி அழுத்தம் குறையும். அந்தக் காலி இடத்தை நிரப்ப காத்து பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் சுருண்டு உள்ளே வரும். முன்னாடி எதிர்பார்த்த காத்து பிடரியில அடிக்கும். முன்சக்கரம் வேற வெளியில தனியா நிக்குதா, ஈரச் சாலையில அது வாரி அடிக்கிற தண்ணி, பொடிக்கல் எல்லாம் முழங்கைக்குத்தான் முதல் மரியாதை.

இதுக்குக் கம்பெனியோட மருந்து, முழு உயரப் பக்கத்திரை. சட்டம், அதுமேல வினைல், நடுவுல வளையற பிளாஸ்டிக் ஜன்னல். முன்கண்ணாடித் தூணில் இருக்கும் கீலில் தொங்கும். மேலே தூக்கினா கழண்டு வந்துடும். மழைக்கு நல்லதுதான். ஆனா வெயில்ல உள்ளே வேகும். பிளாஸ்டிக் நாளாக ஆகக் கீறல் விழுந்து மங்கும். முழங்கைக்கு இடமில்லை. திறந்த கார் வாங்கிட்டு கூடாரத்துக்குள்ள உட்கார்ந்த மாதிரி.

மாட்டினா புழுக்கம், கழட்டினா நடுக்கம். இந்த ரெண்டுக்கும் நடுவுல பிறந்ததுதான் அரைக்கதவு. தூண் பக்கம் உயரமா ஆரம்பிச்சு, பின்பக்கம் சரிஞ்சு, முழங்கை வர்ற இடத்துல தாழ்வா முடியும். ஜன்னல் கிடையாது. வினைல் போர்த்தினது, அலுமினியம், ஃபைபர், காசு இருந்தா கார்பன் ஃபைபர்னு பல ரகம். இப்ப அந்த எம்ஜி டிசி கதவை நினைச்சுப் பாருங்க. முழங்கைக்காக வெட்டின அதே வளைவு! செவன் ஓட்டிகள் சுத்திச் சுத்தி 1945-க்கே வந்து சேர்ந்திருக்காங்க.

மாட்டுறது பெரிய வித்தை இல்லை. முழுத் திரைக்கான கீல் ஏற்கெனவே தூணில் இருந்தா, அதே ஊசியில அரைக்கதவை இறக்கிட வேண்டியதுதான். இல்லைன்னா தூணில் துளை போட்டுக் கீலை அடிக்கணும். பின்பக்கம் ஒரு பட்டை, அதோட நுனியில அழுத்துற பட்டன். பட்டனோட மறுபாதி கார் உடம்பில் இருக்கும். கவனிக்க வேண்டியது சிலது உண்டு.

பட்டனுக்கு ஓட்டை போடுறதுக்கு முன்னாடி, ஓட்டுறவர் சீட்டுல உட்கார்ந்து ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்பிப் பார்த்துடணும். முழங்கை எங்க வருதுன்னு அப்பத்தான் தெரியும். அலுமினியத்துல போட்ட ஓட்டையைத் திரும்ப மூட முடியாது.

பட்டை இறுக்கமா இருக்கணும். ஓடுற வண்டியில வெளிப்பக்கம் அழுத்தம் குறைவு, அதனால கதவு வெளியே பிதுங்கப் பார்க்கும். தளர்வா விட்டா படபடன்னு அடிச்சுக்கும். கதவோட விளிம்பு உரசுற இடத்துல பெயின்ட் போயிடாம இருக்க ஒரு பிளாஸ்டிக் படலம் ஒட்டணும்.

முக்கியமானது பக்கக் கண்ணாடி. நிறைய செவன்களில் பின்னால் பார்க்கிற கண்ணாடி அந்த முழுத் திரையிலதான் மாட்டியிருக்கும். திரையைக் கழட்டினா அதுவும் கூடவே போயிடும். கண்ணாடியைத் தூணுக்கோ புதுக் கதவுக்கோ மாத்தாம ரோட்டுக்கு வரக்கூடாது. முன்கண்ணாடியே வேணாம்னு சின்ன ஏரோஸ்கிரீன் போட்ட வண்டிக்கு அரைக்கதவு ஆகாது. தொங்கவிடத் தூண் இல்லையே!

*

இதையும் எதிர்க்கிற சுத்தபத்தமான ஆட்கள் உண்டு. "சாப்மன் தூக்கிப் போட்டதை நீ ஏன் திரும்பக் கொண்டு வர்றே"ன்னு கேட்பாங்க. இந்த இடத்துலதான் எனக்கு ஒரு கேள்வி. எடை குறைக்கிறது நல்லதுதான், எது வரைக்கும்?

அதே சாப்மனோட ஃபார்முலா ஒன் டீமில் ஓட்டினவர் யோகன் ரிண்ட். 1969-ல் ஸ்பெயின் பந்தயத்தில் காரோட இறக்கை முறிஞ்சு விபத்து. உயிர் தப்பினவர் சாப்மனுக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்க கார் வேகமானதுதான், சில பவுண்டு எடை கூட்டிப் பலவீனமான பாகங்களைப் பலப்படுத்தினாலும் நாம போட்டியில இருப்போம் என்பது அதன் சாரம். 1970 செப்டம்பர் 5, மான்ஸா. லோட்டஸ் 72-ல் முன் பிரேக்கோட தண்டு முறிஞ்சு, கார் தடுப்பில் மோதி ரிண்ட் இறந்தார். அந்த வருஷ உலக சாம்பியன் பட்டம் செத்த பிறகுதான் அவருக்குக் கிடைச்சது. இன்னிக்கு வரைக்கும் அப்படி வாங்கினவர் அவர் ஒருத்தர்தான்.

சில பவுண்டு. அவ்வளவுதான் அவர் கேட்டது.

செவனில் கதவை விட்டதையும், பந்தயக் காரில் தண்டை மெலிசா வச்சதையும் ஒரே தராசுல வைக்கக் கூடாது. கதவை விட்டதால கூடு பலமாச்சு, நஷ்டம் நம்ம முழங்கைக்கு மட்டும். தண்டுல மிச்சம் பிடிச்சதுக்கு விலை ஒரு உயிர். ரெண்டுக்கும் "எடை குறைப்பு"ன்னு ஒரே பேரு வச்சு ரெண்டையும் கும்பிடுறவங்களைப் பார்த்தாத்தான் எனக்குப் பயம்.

அதே மாதிரி, அரைக்கதவை மாட்டிக்கிட்டு "இப்ப பாதுகாப்பு"ன்னு நினைக்கிறதும் தப்பு. வினைலும் மெல்லிய தகடும் பக்கவாட்டு மோதலில் எதையும் தாங்காது. அது காத்துக்கும் சேத்துக்கும்தான். பாதுகாப்பு வேணும்னா பார்க்க வேண்டியது கூட்டின் குழாய், ரோல் பார், இடுப்பு-தோள் பெல்ட்.

இதையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு ரெண்டு கிலோவோ மூணு கிலோவோ கூட்டி, குளிரில் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்து ஓட்ட முடியும்னா, அது சாப்மனுக்குச் செய்யுற துரோகமா? எனக்கு அப்படித் தோணலை. வீட்டு ஷெட்டில் மூடிக் கிடக்கிற 440 கிலோ காரை விட, ரோட்டில் ஓடுற 443 கிலோ கார் மேல். நீங்க என்ன சொல்றீங்க?