லஸ் கோயில், மயிலாப்பூர்

சென்னை மயிலாப்பூரில் லஸ் என்னும் பகுதிக்குப் பெயர் தந்த கத்தோலிக்கக் கோயில். பிரகாச மாதாவுக்கு உரியது. மரமும் புதரும் அடர்ந்த இடமாக இருந்ததால் காட்டுக்கோயில் என்றும் வழங்கியது. கடலில் திசை தவறிய மாலுமிகளை ஓர் ஒளி இங்கே கொண்டுவந்து சேர்த்தது என்ற கதை பெயரை விளக்குகிறது. காலத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. நகரில் எஞ்சியுள்ள ஐரோப்பியக் கட்டடங்களில் இதுவே பழமையானது என்ற புகழ் முழுவதும் ஒரு போர்த்துக்கீசியக் கல்வெட்டை நம்பியிருக்கிறது. பேத்ரோ த அதூகியா என்ற துறவி 1516இல் கட்டியதாக அது கூறுகிறது. வழிபாடு தொடங்கிய ஆண்டாக அதை ஏற்க இடமுண்டு. இன்றைய சுவர்களின் வயதாக ஏற்க இடமில்லை.

புனித தோமாவின் கல்லறையைக் காணப் போர்த்துக்கீசியர் மயிலாப்பூர் வந்ததைச் சொல்லும் தெளிவான முதல் செய்தி 1517ஆம் ஆண்டுக்குரியது. மலாக்காவிலிருந்து திரும்பியவர்களை ஆர்மீனிய வணிகர்கள் அழைத்துவந்து காட்டினார்கள். கல்லறைச் சிற்றாலயத்தைப் பழுதுபார்த்ததும் குடியேறியதும் 1520களில்தான். பிரான்சிஸ்கன் துறவிகள் கப்ராலின் கப்பல்களில் 1500இலேயே கோழிக்கோடு வந்துவிட்டார்களே, அவர்களைப் போன்ற ஒருவர் தனியாகச் சோழமண்டலக் கரைக்கு வந்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் தனி ஆள் எழுப்பக்கூடியது சிறு கொட்டகைக் கோயில். கனத்த சுவரும் வளைகூரையும் வேண்டுமென்றால் கொத்தர், சுண்ணாம்பு, பணம், பின்னால் ஓர் ஊர் எல்லாம் வேண்டும்.

கட்டடமும் இதையே சொல்கிறது. கூர்நுனி வளைவுகள் கோதிக் மரபு, அலங்காரமோ பரோக். பரோக் பாணி ஐரோப்பாவிலேயே 16ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் உருவானது. சுதைவேலை பிற்காலத்தது, உள்ளிருக்கும் சுவர் பழையது என்று மறுக்கலாம். முழுவதும் தள்ளிவிட முடியாத மறுப்பு இது. மயிலாப்பூரில் போர்த்துக்கீசியர் குடியேறிய பகுதியான சாந்தோம் 1662இல் கோல்கொண்டாப் படையிடம் விழுந்தது, 1672இல் பிரெஞ்சுக்காரரிடம். 1780-82இல் ஹைதர் அலியின் குதிரைப்படை வந்தது. இந்தப் போர்களில் கோயில் சேதமுற்றுத் திருத்தப்பட்டது. இங்கிலாந்தின் இடைக்காலப் பங்குக் கோயில்களிலும் 12ஆம் நூற்றாண்டின் அரைவட்ட நார்மன் வளைவும் 15ஆம் நூற்றாண்டின் அகன்ற சன்னலும் அடுத்தடுத்து நிற்கும்; அங்கே சுவர் சுவராகத்தான் காலம் சொல்கிறார்கள். லஸ் கல்வெட்டைப் பொய்யென்று தள்ளவும் வேண்டியதில்லை. முதலில் இருந்த சிற்றாலயத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட ஆண்டை, பெரிய கோயிலைக் கட்டியவர்கள் பின்னர் பொறித்திருக்கலாம்.