குறுங்காலத்தில் கற்ற தமிழ்

நன்னூலார் பொதுப்பாயிரத்தில் கல்விக்கு ஒரு கணக்குச் சொல்லுகிறார். ஆசிரியர் உரைத்ததை முழுதும் மனங்கொண்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது புலமையில் கால்பங்கே. உடன் பயில்வோரோடு பழகி உசாவினால் மற்றொரு கால்பங்கு சேரும். எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்து நிரம்பும். இக்கணக்கில் நாளும் மாதமும் குறிக்கப்படவில்லை. காலக்கெடு தேர்வோடு வந்தது. இலக்கியத்தைச் சில மாதங்களிலும், பின்னர்ச் சில வாரங்களிலும் கற்பித்து முடிக்கும் வழக்கம் தமிழ்க் கல்வியில் எவ்வாறு வேரூன்றியது என்பது நோக்கத்தக்கது.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ. வே. சாமிநாதையர் 1871 முதல் ஆசிரியர் மறைந்த 1876 வரை பாடங்கேட்டார். அங்கே வினாத்தாளும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. ஒரு நூல் முடிந்தால் அடுத்த நூல் தொடங்கும், அவ்வளவே. ஆயின், அதற்கு முன்பே 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியிருந்தது, சி. வை. தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும் அதன் முதற் பட்டதாரிகளாயினர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த ஐயர், தாம் கற்ற முறையிலேயே கற்பிக்க இயலாத ஓர் ஏற்பாட்டினுள் புகுந்தார். இன்ன நூலில் இன்ன பகுதி, இன்ன நாளுக்குள் என்று வரையறுக்கும் பாடத்திட்டம் அது.

கல்லூரிக்கு வெளியே இருந்தோர்க்குத் தேர்வு ஒரு வாயிலாகவும் அமைந்ததை மறத்தலாகாது. 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் எனத் தேர்வுகளை வகுத்தது. ஈழத்திலிருந்து மயில்வாகனனார், பின்னாளைய விபுலானந்த அடிகள், 1916இல் பண்டிதத் தேர்வில் வென்றார். 1921இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் அவ்வழியில் தன் தேர்வுகளை நடத்தியது. பகலில் பள்ளியிலோ அலுவலகத்திலோ உழைத்தவர்கள் மாலையில் புலவர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, தேர்வுக்குரிய நூல்களை மட்டும் விரைந்து பாடங்கேட்ட காலம் அது.

மு. வரதராசனார் அவ்வாறு வந்தவரே. பள்ளியிறுதி முடித்து வட்டாட்சி அலுவலகத்தில் எழுத்தராய் இருந்தவர், உடல்நலங் குன்றி அப்பணியை விட்டார். முருகைய முதலியாரிடம் தமிழ் பயின்று, தனியே படித்து, 1935இல் வித்துவான் தேர்வில் மாநிலத்தில் முதலிடம் பெற்றார். திருப்பனந்தாள் மடத்தின் ஆயிரம் ரூபாய்ப் பரிசும் அவருக்குக் கிடைத்தது. கல்லூரி வாயிலை மிதிக்காமலே புலமைப் பட்டம் பெற்ற அவர், 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கான முதல் முனைவர் பட்டத்தையும் பெற்றார். ஆதலின் தேர்வை முன்னிறுத்திக் கற்ற கல்வி ஆழமற்றது என்று பொதுப்பட உரைப்பது பொருந்தாது. அந்நாளைய தனித்தேர்வரும் குறிப்புகளைப் பாராமல் எழுதியவரல்லர். ஆயினும் விடையை அவர் தம் சொல்லில் எழுத வேண்டியிருந்தது. நன்னூலார் சொன்ன பிற்பாதியில் சிறிதளவேனும் அவ்விடைத்தாளில் நிகழ்ந்தது.

1989இல் கல்லூரி விரிவுரையாளர்க்கான தேசியத் தகுதித் தேர்வு தொடங்கிற்று. அதன் மூன்றாம் தாள் நெடுங்காலம் கட்டுரைத் தாளாக இருந்தது. 2012 சூன் மாதம் அதுவும் கொள்குறி வினாக்களாயிற்று. 2018 சூலையில் தாள்கள் இரண்டாகக் குறைந்தன. அவ்வாண்டு டிசம்பர் முதல் தேர்வு கணினிக்கு மாறிற்று. பாடத்தாளில் நூறு வினா, இருநூறு மதிப்பெண். முதுகலை ஆசிரியர் தேர்வில் நூற்றைம்பது வினாக்களுள் நூற்றுப்பத்து பாடத்துக்குரியவை. தொல்காப்பியம் முதல் புதுக்கவிதை வரை இவற்றுள் அடங்கவேண்டும். இத்தேர்வுகளுக்கென எழுந்தவையே முப்பது நாள், நாற்பத்தைந்து நாள் என்று விளம்பரம் செய்யப்படும் ‘கிராஷ் கோர்ஸ்’ வகுப்புகளும், மாதிரித் தேர்வு மட்டுமே எழுதவைக்கும் ‘டெஸ்ட் பேட்ச்’களும்.

இவ்வகுப்புகளின் முதற் பாடமாக அமைவது பெரும்பாலும் ஒரு பழம்பாடல் என்பது சுவையான செய்தி. எட்டுத்தொகையையும் பத்துப்பாட்டையும் கீழ்க்கணக்கையும் அடுக்கிச் சொல்லும் வெண்பாக்கள் நினைவிற் கொள்வதற்கென்றே யாக்கப்பட்டவை. சுருக்கி நினைவில் நிறுத்தும் கலை தமிழுக்குப் புதிதன்று; நூற்பா என்பதே அக்கலையின் முதிர்ச்சிதான். ஆனால் கீழ்க்கணக்கு வெண்பாவிலேயே ஒரு வழக்கு உறங்குகிறது. பாடவேறுபாட்டையும் சொற்பொருளையும் பொறுத்து, பதினெட்டாவது நூல் இன்னிலையா, கைந்நிலையா என்ற ஐயம் எழுந்தது. வ. உ. சிதம்பரம் பிள்ளை இன்னிலைக்கு உரையெழுதிப் பதிப்பித்தார். பின்வந்த அறிஞர் பலர் கைந்நிலையை ஏற்றனர். கட்டுரைத் தாள் இருந்தவரை, ஒரு மாணவி இவ்வழக்கின் இரு பக்கத்தையும் எடுத்துக்காட்டித் தன் முடிவைக் கூறியிருக்க இயலும். குறுங்கால வகுப்பில் அதற்கு ஒரு நிமிடமே உண்டு. ‘கைந்நிலை என்று குறியுங்கள்’ என்பதோடு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுவர். ஆசிரியரைக் குறைகூறுவதற்கில்லை. வினா கேட்பது அவ்வளவே.

இவ்வகுப்புகளை இகழ்ந்து ஒதுக்குவோர், அங்கே வந்து அமர்வோரைச் சற்று நோக்கவேண்டும். தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவர்கள், திருமணத்துக்குப் பின் படிப்பைத் தொடர்பவர்கள், தனியார் பள்ளியில் சிறு ஊதியத்துக்கு உழைத்துக்கொண்டே ஞாயிறுதோறும் பேருந்தேறி வருபவர்கள். திண்ணைப் புலவர் முன் அன்று அமர்ந்தவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். அரசுப் பணியொன்று இவர்கள் வீட்டின் நிலையையே மாற்றும். மதிப்பெண்ணைத் துரத்துகிறார்கள் என்று இவர்களைப் பழிப்பது அறமாகாது. உரிய வினாவை இவர்கள் முன் வைக்காதவர்களே விடைசொல்லக் கடமைப்பட்டவர்கள்.

கவிஞர்களுக்கும் இதில் பங்குண்டு. இக்கால இலக்கியப் பகுதிக்கான குறிப்பேடுகளில் கவிதைத் தொகுதிகள் பட்டியலாக நிற்கின்றன. ஆலாபனை, அப்துல் ரகுமான், சாகித்திய அகாதமி, 1999. கையொப்பம், புவியரசு, 2009. ஒருபுறம் நூல், மறுபுறம் பெயர்; பொருத்தினால் இரண்டு மதிப்பெண். தொகுதியினுள் இருக்கும் கவிதையில் ஓர் அடியைக்கூடப் படிக்காமல் அம்மதிப்பெண்ணை முழுதாகப் பெற்றுவிடலாம்.