பிசாசின் நகக்கீறல்



மோட்டார் தொழிலில் இருக்கும் நம் பழைய மாணவர்கள் சிலர், "ஐயா, கார் இன்ஜின் வரலாறு ஒன்று எழுதுங்கள்" என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பென்ஸ், ஃபோர்டு என்று ஆரம்பித்தால் எல்லாரும் எழுதிய கதையாகிவிடும். ஆகவே ஒரே ஒரு நோயின் வரலாற்றை மட்டும் எழுதுகிறேன். கம்ப்ரஷன் இறங்கும் நோய். இந்த நோயால் ஒரு ஜெர்மன் கம்பெனி தன் பெயரையே இழந்தது. அதே நோயைப் பிடித்து நிறுத்திய ஒரு ஜப்பானியக் கம்பெனி இன்றும் பிழைத்திருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்காருங்கள்.

கம்ப்ரஷன் என்றால் என்ன என்று வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். கை எதிர்த்து நிற்கும். உள்ளே இருக்கும் தோல் வாஷர் காய்ந்துபோனால் அந்த எதிர்ப்பு இருக்காது, காற்று பக்கவாட்டில் நழுவிவிடும். இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு வாஷரை ஊறவைத்தால் மறுபடி பிடிக்கும். கார் இன்ஜினிலும் இதே கதைதான். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை பிஸ்டன் அழுத்த வேண்டும். ரிங் தேய்ந்தாலோ வால்வு சரியாக உட்காராவிட்டாலோ அழுத்தம் நழுவும், இழுவை குறையும், ஸ்டார்ட் ஆகப் படுத்தும். மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் கேஜை மாட்டிப் பார்ப்பார். அளவு குறைவாக இருந்தால் ஒரு ஸ்பூன் எண்ணெய் ஊற்றி மறுபடி பார்ப்பார். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு என்று அடுத்து எங்கே தேடுவது எனத் தெரிந்துவிடும். பம்புக்கு நாம் செய்த வைத்தியமேதான்.

இனி கதைக்கு வருவோம். ஃபெலிக்ஸ் வாங்கெல் 1902-இல் ஜெர்மனியின் லார் என்ற ஊரில் பிறந்தவர். கல்லூரிப் படிப்பு கிடையாது. பிஸ்டன் மேலும் கீழுமாக ஓடி ஒவ்வொரு முனையிலும் நின்று திரும்புவது அவருக்குப் பிடிக்கவில்லை. சுழன்றுகொண்டே இருக்கும் இன்ஜின் ஒன்றுக்காக 1929-இலேயே காப்புரிமை பெற்றார். இளமையில் நாஜிக் கட்சியில் இருந்தவர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். விஞ்ஞானிகளின் வரலாற்றில் வசதியில்லாத பக்கங்களைக் கிழித்துவிட்டுப் படிப்பது எனக்கு உடன்பாடில்லை. போர் முடிந்ததும் பிரெஞ்சுக்காரர்கள் அவருடைய பட்டறையைக் கலைத்து, அவரைச் சில மாதங்கள் சிறையில் வைத்தார்கள். பின்னர் மோட்டார் சைக்கிள் தயாரித்த என்.எஸ்.யு. கம்பெனியுடன் சேர்ந்தார். 1957 பிப்ரவரியில் அவருடைய முதல் இன்ஜின் ஓடியது. அதில் உள்ளே இருக்கும் ரோட்டரும் சுழலும், வெளிக்கூடும் சுழலும். ஸ்பார்க் பிளக்கை மாற்றக்கூட இன்ஜினைப் பிரிக்க வேண்டும்! அதே கம்பெனியின் பொறியாளர் ஹான்ஸ் டீட்டர் பாஷ்கே வெளிக்கூட்டை நிறுத்திவிட்டு ரோட்டரை மட்டும் சுழலவிட்டார். வாங்கெலுக்கு இதில் கடும் வருத்தம். ஆனால் உலகம் இன்று வாங்கெல் இன்ஜின் என்று சொல்வது பாஷ்கே திருத்திய வடிவத்தைத்தான். பெயர் ஒருவருக்கு, உழைப்பு இன்னொருவருக்கு. வரலாற்றில் இது புதிதல்ல.

வடிவத்தை மனதில் வரைந்துகொள்ளுங்கள். வெளிக்கூடு, இடுப்பு ஒடுங்கிய முட்டை மாதிரி. உள்ளே வயிறு புடைத்த ஒரு முக்கோணம். அது சுழலும்போது மூன்று பக்கங்களிலும் மூன்று அறைகள் உண்டாகி, பெரிதாகிச் சிறிதாகும். வால்வு இல்லை, கனெக்டிங் ராடு இல்லை, அதிர்வும் குறைவு. முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலும் ஒரு மெல்லிய பட்டை, கூட்டின் சுவரை உரசிக்கொண்டே ஓடும். அதற்கு முனை சீல் என்று வைத்துக்கொள்வோம்.

நோய் முழுவதும் அந்தப் பட்டையில்தான் இருந்தது. பிஸ்டனில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு மூன்று ரிங்குகள் காவல் காக்கும். இங்கே வெடிக்கும் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே ஒரே ஒரு கோடுதான் காவல். அந்தக் கோடு சுவரைத் தொடும் கோணமும் சுற்றச் சுற்ற மாறிக்கொண்டே இருக்கும்.

1959 இறுதியில் என்.எஸ்.யு. இந்த இன்ஜினை உலகுக்கு அறிவித்தது. உரிமம் கேட்டு உலகம் முழுவதிலிருந்தும் கம்பெனிகள் வரிசையில் நின்றன. அவற்றில் ஒன்று ஹிரோஷிமாவின் டோயோ கோக்யோ. இன்று நாம் மஸ்தா என்று சொல்கிறோமே, அதுதான். 1920-இல் கார்க் தயாரிக்கத் தொடங்கி, 1931 முதல் மூன்று சக்கர லாரி செய்துவந்த கம்பெனி. அணுகுண்டு விழுந்தபோது நகர மையத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, இடையில் ஒரு குன்றும் இருந்ததால் தொழிற்சாலை தப்பியது. அரசு அலுவலகங்கள் சில காலம் அங்கிருந்துதான் இயங்கின. அதே 1945 டிசம்பரில் மூன்று சக்கர லாரி மறுபடி வெளியே வந்தது. 1960-இல் அவர்கள் கவலை வேறு. சிறிய கார் கம்பெனிகளையெல்லாம் பெரியவற்றோடு இணைத்துவிடலாமா என்று ஜப்பான் அரசு யோசித்துக்கொண்டிருந்தது. தனித்து நிற்க வேண்டுமானால் மற்றவரிடம் இல்லாத ஒன்று கையில் இருக்க வேண்டும். தலைவர் சுனேஜி மட்சுதா ஜெர்மனிக்குப் போய் உரிமத்தை வாங்கி வந்தார்.

வாங்கி வந்த பிறகுதான் சரக்கின் லட்சணம் தெரிந்தது. சோதனை மேடையில் இன்ஜின் இருநூறு மணி நேரத்தில் மடங்கியது. பிரித்துப் பார்த்தால், கூட்டின் குரோமியச் சுவரில் சீப்பால் வாரியது போல வரிவரியாகக் கீறல்கள். அழுத்தம் அந்த வரிகள் வழியே ஒழுகிப் போயிருந்தது. அந்தப் பொறியாளர்கள் இட்ட பெயர், பிசாசின் நகக்கீறல்.

1963-இல் இதற்கென ஒரு தனித்துறை அமைத்தார்கள். தலைமை கெனிச்சி யமமோட்டோ. 1946-இல் கம்பெனியில் சேர்ந்தபோது, பொறியியல் பட்டதாரியான அவருக்குக் கிடைத்த முதல் வேலை மூன்று சக்கர லாரிக்கு கியர்பாக்ஸ் பூட்டுவது. இப்போது அவருக்குக் கீழே பொறியாளர்கள். எல்லாரும் சேர்ந்து 47 பேர். ஜப்பானியப் பழங்கதையில் தம் தலைவனுக்காக உயிரைக் கொடுத்த 47 வீரர்களின் பெயரால் அவர்களை அழைத்தார்கள்.

முதலில் அவர்களும் எல்லாரும் நினைப்பதைத்தான் நினைத்தார்கள். சீல் கடினமாக இருக்கிறது, சுவர் மெதுவாக இருக்கிறது, ஆகவே பொருளை மாற்று. எத்தனையோ உலோகங்களை மாற்றிப் பார்த்தார்கள். மாட்டெலும்பு, குதிரையெலும்பு வரை முயன்றார்கள் என்று கம்பெனியின் சொந்த வரலாறே சொல்கிறது. ஆனால் வெறும் தேய்மானம் என்றால் சுவர் ஒரே சீராகத் தேய வேண்டும். இங்கே ஏன் இடைவெளி விட்டு விட்டு வரிகள்?

என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு இதன் விடை தெரியும், காதே சாட்சி. புது சாக்பீஸால் கரும்பலகையில் கோடு போடும்போது திடீரென்று "கிரீச்" என்று கத்தும், நீங்கள் எல்லாரும் காதைப் பொத்திக்கொள்வீர்கள். அப்போது பலகையைக் கிட்டப் போய்ப் பார்த்தால் கோடு தொடர்ச்சியாக இருக்காது, புள்ளிபுள்ளியாக இருக்கும். சாக்பீஸ் வழுக்கவில்லை, ஒட்டி ஒட்டித் துள்ளுகிறது. அதை இரண்டாக உடைத்தால் சத்தம் நின்றுவிடும். சாக்பீஸும் மாறவில்லை, பலகையும் மாறவில்லை. நீளம் குறைந்ததால் அது அதிரும் வேகம் மாறிவிட்டது. ஒவ்வொரு பொருளுக்கும் இயல்பான அதிர்வெண் உண்டு என்று பாடம் நடத்தியது இதைத்தான்.

ஹிரோஷிமாவில் கண்டுபிடித்ததும் அதுவே. முனை சீல் தன் இயல்பு அதிர்வெண்ணில் சுவர்மேல் துள்ளிக்கொண்டே ஓடியிருக்கிறது. அப்படியென்றால் கெட்டிப்படுத்துவது வைத்தியம் அல்ல, அதிர்வெண்ணை மாற்றுவதே வைத்தியம். சீலின் விளிம்பருகே குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய துளைகள் இட்டார்கள். முந்நூறு மணி நேரம் ஓட்டியும் கீறல் ஏறக்குறைய இல்லை! துளையிட்ட சீல் விற்பனைக்கு வரவில்லை என்பது வேறு. கடைசியில் கரித்தூளில் அலுமினியத்தை ஊறவைத்துச் செய்த, தானே வழுக்கும் சீலைப் பொருத்தினார்கள். ஆனால் எனக்கு இந்த வரலாற்றில் பெரிய நாள், நோயின் பெயர் தேய்மானம் அல்ல, அதிர்வு என்று தெரிந்த நாள்தான்.

1967 மே 30 அன்று காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. இரண்டு ரோட்டர், மொத்தம் 982 சி.சி., 110 குதிரைசக்தி. படத்தைத் தேடிப் பாருங்கள், தரையோடு ஒட்டிப் பறக்கும் தட்டு மாதிரி இருக்கும். மொத்தம் செய்ததே 1,176 கார்கள்.

அதே ஆண்டு என்.எஸ்.யு. தன் ரோ 80 காரை வெளியிட்டது. ஐரோப்பாவில் 1968-ஆம் ஆண்டின் சிறந்த கார் விருதும் வாங்கியது. ஆனால் சீல்கள் சீக்கிரமே தேய்ந்தன. கம்பெனி இலவசமாக இன்ஜின் மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தது. சாலையில் எதிரெதிரே வரும் ரோ 80 காரர்கள் விரல்களைக் காட்டிக்கொள்வார்களாம், இதுவரை எத்தனை இன்ஜின் மாற்றியாயிற்று என்று. 1969-இல் என்.எஸ்.யு. ஆடி கம்பெனியோடு இணைக்கப்பட்டது. பிறகு அந்தப் பெயரே மெல்ல மறைந்தது. கண்டுபிடித்தவர்களைவிட, காசு கொடுத்து வாங்கியவர்கள் நோயை நன்றாகப் படித்தார்கள் என்பது என் கருத்து.

இந்த இன்ஜின் தாங்கும் என்று ஐரோப்பியர்களிடம் நிரூபிக்க மஸ்தாவுக்கு ஒரு மேடை வேண்டியிருந்தது. 1968 ஆகஸ்டில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையில் 84 மணி நேரப் பந்தயம். மூன்றரை நாள், இரவும் பகலும். இரண்டு காஸ்மோக்கள் இறங்கின. ஒன்று நான்காவதாக முடித்தது. இன்னொன்று 82-ஆவது மணியில் நின்றுபோனது. உலகமே சந்தேகப்பட்ட இன்ஜின் அதற்குக் காரணமல்ல. பின் ஆக்ஸில் பழுதாகிவிட்டது. எல்லாரும் தலைவலிக்கு மருந்து தயாராக வைத்திருக்க, கால் முறிந்த கதை.

இந்த இடத்தில் தொழில்காரர்களுக்குச் சில வார்த்தை. அதிர்வில்லாத இன்ஜின் உள்ள காரில் பின்னால் வரும் சத்தமெல்லாம் துல்லியமாகக் கேட்கும். கேட்டதும் "இன்ஜின் போச்சு" என்று கை வைக்கக்கூடாது. சத்தம் எதோடு சேர்ந்து ஏறுகிறது என்று பாருங்கள். வண்டி நின்றிருக்கையில் ரேஸ் கொடுத்தால் ஏறுகிறதா, அது இன்ஜின் பக்கம். அப்போதே கிளட்சை மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸின் முன் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். ஓட்டத்தில் நியூட்ரலில் விட்டும் சத்தம் சக்கர வேகத்தோடு போகிறதென்றால் இன்ஜினை விட்டுவிட்டுப் பின்னால் போங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு சுருதி, விட்டால் வேறு சுருதி என்று ஊளையிட்டால் கிரவுன் பினியன். வளைவில் ஒரு பக்கம் சாயும்போது மட்டும் உறுமல் கூடினால் சக்கர பேரிங். மிதித்த கணத்தில் "டொக்" என்று ஒரே ஒரு அடி விழுந்தால் ஜாயின்ட்டில் ஆட்டம். பழைய மெக்கானிக்குகள் நீள ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்துக் கேட்டது இதைத்தான். டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்புக்கு அது ஒன்றும் குறைந்ததில்லை.

சுழல் இன்ஜினில் கம்ப்ரஷன் பார்ப்பதும் தனி வித்தை. ஒரு ரோட்டருக்கு மூன்று முகம். மூன்றும் ஒரே பிளக் ஓட்டையைத் தாண்டித்தான் போகும். சாதாரண கேஜ் வந்ததில் அதிகமான அளவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு முகம் செத்து ஒன்று நன்றாக இருந்தாலும் "நல்லாத்தான் இருக்கு" என்று காட்டிவிடும். மூன்று பிள்ளைகளில் ஒருவன் மார்க்கை மட்டும் பார்த்து வீடே படித்த வீடு என்பது மாதிரி. ஆகவே மூன்று துடிப்பையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும். மஸ்தா அதற்கென்றே தனிக் கருவி செய்தது. ஆர்.எக்ஸ் 8 காருக்கு, இன்ஜின் சூடாக இருக்கையில் நிமிடத்துக்கு 250 சுற்றில் 830 கிலோ பாஸ்கல் இருக்க வேண்டும்; 680-க்குக் கீழே போகக் கூடாது; முகத்துக்கு முகம் 150-க்கு மேல் வித்தியாசமும் கூடாது.

மூன்று எண் கிடைத்தால் பாதி விடை கிடைத்தது போல. அடுத்தடுத்த இரண்டு முகம் சேர்ந்து விழுந்தால், அந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும் முனை சீல்தான் குற்றவாளி, ஏனென்றால் அது இரண்டு அறைக்கும் பொதுச்சுவர். ஒரே ஒரு முகம் மட்டும் விழுந்தால் பக்கவாட்டு சீலைச் சந்தேகிக்கலாம். மூன்றும் சேர்ந்து இறங்கியிருந்தால் பொதுவான தேய்மானம். எண்ணெய் ஊற்றிப் பார்க்கும் பழைய வைத்தியம் இங்கே அவ்வளவு உதவாது. எல்லா இடுக்கும் ஒன்றாக அடைபட்டு, எண்கள் அழகாக ஏறி, எது நோய் என்பதே மறைந்துவிடும்.

பின்கதையைச் சுருக்கிவிடுகிறேன். 1973 எண்ணெய் நெருக்கடியில், பெட்ரோலை நிறையக் குடிக்கும் இந்த இன்ஜின் மஸ்தாவைக் கவிழ்க்கப் பார்த்தது. சுமிதோமோ வங்கி கைகொடுத்தது. 1978-இல் வந்த ஆர்.எக்ஸ் 7, 2002 வரை எட்டு லட்சத்துக்கும் மேல் விற்றது. யமமோட்டோ 1984-இல் கம்பெனியின் தலைவரானார், கியர்பாக்ஸ் பூட்டியவர்! 1991 ஜூனில் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை, நான்கு ரோட்டர் கொண்ட மஸ்தாவின் 55-ஆம் எண் கார் 362 சுற்று ஓடி வென்றது. ஜப்பானியக் கம்பெனி ஒன்றுக்கு அங்கே கிடைத்த முதல் வெற்றி. அதன் முனை சீல்கள் பீங்கான் வகையைச் சேர்ந்தவை. பந்தயத்துக்குப் பின் இன்ஜினைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே நல்ல நிலையிலேயே இருந்தது. ஆர்.எக்ஸ் 8 உற்பத்தி 2012-இல் நின்றது. 2023-இல் அதே முக்கோணம் மறுபடி வந்தது, இந்த முறை சக்கரத்தைச் சுழற்ற அல்ல, மின்சாரக் காரின் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளில் யாராவது சுழல் இன்ஜின் காரைக் கையாண்டிருந்தால் கீழே எழுதுங்கள். கம்ப்ரஷன் பார்த்திருந்தால் மூன்று எண்ணையும் போடுங்கள், சூடாக இருக்கும்போது பார்த்ததா, ஆறிய பிறகா என்பதையும் சேர்த்து.