36 அங்குலத்தின் கதை

தரப் பரிசோதனைச் சான்று இல்லாத ஒரு விறகடுப்புக்கும் மரச்சுவருக்கும் இடையில் 36 அங்குலம் விடவேண்டும் என்கிறது அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதி. கிட்டத்தட்ட 91 சென்ரிமீற்றர். பார்க்கச் சாதாரண எண்தான். ஆனால் தெரிந்த ஒரு விஷயத்தை மறந்து, வீடுகளை எரித்துத் திரும்பப் படித்த ஒரு சமூகத்தின் வரலாறு அதற்குப் பின்னால் இருக்கிறது.

அங்கே வீடுகள் பெரும்பாலும் மரத்தில் கட்டப்பட்டவை. பொஸ்டனில் 1631இலேயே ஒரு வீடு எரிந்தபிறகு, மரத்தால் புகைபோக்கி கட்டக்கூடாது, கூரைக்கு வைக்கோல் வேயக்கூடாது என்று குடியேறிகள் முடிவெடுத்தார்கள். அந்தக் காலத்தில் நெருப்பு செங்கல் கூட்டுக்குள் இருந்தது. 1740களில் பெஞ்சமின் பிராங்க்ளின் வடிவமைத்த இரும்பு அடுப்பும், 19ஆம் நூற்றாண்டில் ட்ரோய், அல்பனி நகர வார்ப்பாலைகள் செய்து தள்ளிய அடுப்புகளும் அந்த நெருப்பை அறைக்குள் கொண்டுவந்தன. இரும்பு நாலு பக்கமும் வெப்பத்தை வீசும். அதனால் அடுப்பை எங்கே வைப்பது, சுவரிலிருந்து எவ்வளவு தள்ளுவது என்பதெல்லாம் வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கவேண்டிய அறிவாக இருந்தது.

பிறகு எண்ணெயும் காஸும் வந்தன. அடுப்பு போனது, அதோடு அந்த அறிவும் போனது.

1973 ஒக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. சில மாதங்களில் எண்ணெய் விலை ஏறத்தாழ நாலு மடங்கானது. சனம் மறுபடி விறகடுப்பு வாங்கியது. பலர் தாங்களே பூட்டினார்கள். விறகடுப்பால் வரும் வீட்டுத் தீவிபத்துகளும் கூடின.

பிழை எங்கே நடந்தது? சுவர் உடனே பற்றாது, அதுதான் ஆபத்து. புதுப் பலகை எரிய ஏறத்தாழ 250 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஆனால் வருடக்கணக்காகச் சூடு பட்ட மரம் உள்ளுக்குள்ளே மெல்ல மெல்லக் கரியாகும். அப்படியான மரத்துக்கு அதைவிட எவ்வளவோ குறைந்த வெப்பமே போதும். மூன்று குளிர்காலம் ஒன்றும் செய்யாத அடுப்பு, நாலாவதில் வீட்டையே எரிக்கலாம்.

இரண்டாவது பிழை வெப்பத்தடுப்பில். சுவரில் தகரத்தையோ செங்கல்லையோ ஒட்டிவிட்டால் பாதுகாப்பு என்று நினைப்பது இயல்புதானே. ஆனால் ஒட்டினால் சூடு அப்படியே கடந்து பின்னாலுள்ள மரத்துக்குப் போய்விடும். தகட்டைச் சுவரிலிருந்து 1 அங்குலம் தள்ளி, எரியாத துண்டுகளில் பொருத்தி, கீழும் மேலும் திறந்துவிடவேண்டும். சூடான காற்று மேலே போக, குளிர்ந்த காற்று கீழால் உள்ளே வரும். இப்படிச் சரியாகப் பூட்டினால் 36 அங்குலத்தை 12 ஆகக் குறைக்கலாம் என்று விதி சொல்கிறது. அதாவது, சுவரைக் காப்பாற்றுவது தகட்டைவிட அதற்குப் பின்னால் ஓடுகிற காற்று. அந்தக் காலத்தில் தகட்டோடு அஸ்பெஸ்ரஸ் அட்டையும் சேர்த்தார்கள். ஒரு ஆபத்தைத் தடுக்க இன்னொன்றை வீட்டுக்குள் கொண்டுவந்த கதை அது.

1983இல்தான், எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்பதை அடுப்பிலேயே ஒட்டவேண்டும் என்று அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணைக்குழு விதித்தது. தடைக்குப் பிறகு பத்து வருடம்.

இதை இங்கே எழுதக் காரணம் 2022. காஸ் வரிசையில் நின்று களைத்து, நாங்களும் விறகுக்குத் திரும்பினோம். எங்கட பழைய வீடுகள் பலவற்றில் குசினி தனியாக, வீட்டிலிருந்து விலகி இருந்தது. இடைவெளி கட்டடத்திலேயே இருந்தது, யாரும் அளக்கத் தேவையில்லை. மாடிவீட்டுக் குசினியில் அது இல்லை. சீமெந்துச் சுவர் எரியாது, உண்மைதான். பக்கத்திலிருக்கும் பலகை அலுமாரியும் திரைச்சீலையும் எரியும்.

எரிபொருள் ஒரு வாரத்தில் மாறும், அதைக் கையாளும் அறிவு அவ்வளவு வேகமாகத் திரும்பி வராது. எங்கட அம்மம்மாமார் அடுப்பை எங்கே வைத்தார்கள், ஏன் அங்கே வைத்தார்கள் என்று இன்னும் கேட்கலாம். வரலாறு படிக்கிற நாங்கள் அதையும் பதிந்து வைக்கவேண்டும்.