பாலிசி

பாலிசி (பெயர்ச்சொல்): கிளவுடில் யார், எந்த வளத்தை, என்ன செய்யலாம் என்று வரையறுக்கும் ஆவணம்.

வேர்: கிரேக்கத்தில் 'பொலிஸ்' என்றால் நகர அரசு, அதிலிருந்து குடியுரிமை, ஆட்சிமுறை எனப் பொருள்படும் 'பொலிதேயா'. லத்தீன், பழைய பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்தது. போலீஸும் இந்தக் குடும்பம்தான். பிரீமியம் கட்டும் காப்பீட்டு பாலிசி வேறு குடும்பம்: சான்று என்னும் பொருளுடைய 'அபோதெய்க்சிஸ்', இத்தாலிய 'போலிட்சா' ஆகி வந்தது.

பயன்பாடு: அமேசான் வெப் சர்வீசஸில் இது ஒரு ஜேசான் ஆவணம். எஃபெக்ட், ஆக்‌ஷன், ரிசோர்ஸ் ஆகியவை முக்கிய உறுப்புகள். 'அலவ்', 'எஸ்3:கெட்ஆப்ஜெக்ட்', எஸ்3 சேமிப்பகத்தின் ஒரு பக்கெட்டிலுள்ள கோப்புகளின் ஏஆர்என் (வளத்தின் அடையாளப் பெயர்) என்று நிரப்பினால், அவற்றைப் படிக்க மட்டும் அனுமதி. எந்த பாலிசியும் அனுமதிக்காதது தானாகவே மறுக்கப்படும். பொருந்தும் 'டினை' ஒன்று இருந்தால் எந்த 'அலவ்'வும் செல்லாது. வெர்ஷன் என்னும் உறுப்பில் வரும் '2012-10-17' பாலிசி மொழியின் பதிப்பு. அங்கே இன்றைய தேதியைப் போடக் கூடாது.

நிரல்வழி பாலிசி: கையால் எழுதுபவர் அவசரத்தில் ஆக்‌ஷனிலும் ரிசோர்ஸிலும் நட்சத்திரக் குறி போட்டுவிட்டால் எல்லாக் கதவும் திறந்துவிடும். டெர்ராஃபார்ம், சிடிகே போன்ற கருவிகளில் நிரலே ஜேசானை உருவாக்குகிறது. சிடிகேயில் பக்கெட்டின் மீது 'கிராண்ட்ரீட்' என்று அழைத்தால், படிப்பதற்கான அனுமதிகள் கொண்ட பாலிசி கிடைக்கும். மாற்றங்களைப் பதிவுசெய்யும் 'கிட்' களஞ்சியத்தில் நிரல் இருந்தால், எந்த அனுமதியை யார், எப்போது சேர்த்தார் என்பதும் தெரியும். ஆனாலும், உருவான ஜேசானை வரிவரியாக வாசித்த பிறகே ஏற்ற வேண்டும்.