அமாதிஸ் கதையும் அதைத் தடுக்க முயன்றோரும்

சென்ற ஆண்டு எங்கள் தோட்டப் பள்ளியில், இலக்கணப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது, ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி மேசைக்கடியில் தடித்த நூல் ஒன்றை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். மந்திரக் கோலும், பறக்கும் விலங்கும், அரசிளங்குமரனின் காதலும் நிறைந்த ஆங்கிலக் கதை அது. பக்கங்கள் 400க்கு மேல். நான் அதை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அன்று பிற்பகல் ஆசிரியர் அறையில் பேச்சு எழுந்தபோது, "இக்காலத்துப் பிள்ளைகளுக்கு இப்படியொரு பித்து" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம்.

இக்காலத்துப் பிள்ளைகளுக்கு என்றோமே, அது சரிதானா? வரலாற்றைப் புரட்டினால், இப்பித்தும் புதிதன்று, இதைத் தடுக்கப் பெரியோர் எடுத்த முயற்சியும் புதிதன்று என்பது தெளிவாகும். ஐரோப்பாவில் அச்சுக்கலை பரவிய முதல் நூறாண்டுகளில் ஸ்பெயின் நாட்டில் நிகழ்ந்தவற்றை ஈண்டு ஆராய்வோம். தமிழாசிரியராகிய நமக்கு அதில் கற்கத்தக்க பாடம் ஒன்று உண்டு.

பேழையில் மிதந்த குழந்தை

1508 ஆம் ஆண்டு சரகோசா நகரில் அச்சான ஸ்பானிய நூல் ஒன்று இன்றும் கிடைக்கிறது. 'அமாதிஸ் தெ கௌலா' என்பது அதன் பெயர். மெதினா தெல் காம்போ என்னும் ஊரின் நகரமன்ற உறுப்பினராயிருந்த கார்சி ரோட்ரிகஸ் தெ மொந்தால்வோ என்பார், 14 ஆம் நூற்றாண்டு முதலே வழங்கிவந்த பழங்கதையைத் திருத்தியும் விரித்தும் நான்கு பகுதிகளாக அமைத்த நூல் அது.

கதை யாது? மன்னன் பெரியோனுக்கும் இளவரசி எலிசேனாவுக்கும் மறைவில் பிறந்த குழந்தை, பேழையில் வைத்து ஆற்றில் விடப்படுகிறது. பேழை கடலைச் சேர, ஸ்காட்லாந்து வீரன் ஒருவன் குழந்தையை எடுத்து வளர்க்கிறான். கர்ணன் கதை அறிந்த நமக்கு இது வியப்பளிக்காது. 'கடலின் மைந்தன்' என வழங்கப்பெறும் அச்சிறுவன் தன் பிறப்பை அறியாமலே வளர்ந்து, பிரித்தானிய மன்னன் மகள் ஓரியானாவிடம் உள்ளத்தைப் பறிகொடுக்கிறான். அவனைக் காக்க உர்காந்தா என்னும் மந்திரக்காரி இருக்கிறாள். அவனை அழிக்க அர்க்கலாவுஸ் என்னும் மாயாவி இருக்கிறான்.

தன் பிறப்பறியாத சிறுவன், அவனைக் காக்கும் மந்திரவல்லார், அழிக்கத் துடிக்கும் மாயாவி, இடர்ப்பட்டு வெல்லும் காதல்! இன்றைய இளையோர் நாவல்களைப் புரட்டிப் பார்த்தவர்கள் இந்த வார்ப்பை உடனே அடையாளங் காண்பர். 1997 இல் இங்கிலாந்தில் முதல் நூல் வெளிவந்த ஹாரி பாட்டர் கதையிலும் இவ்வுறுப்புகளிற் பல உண்டு. அச்சு புதியது, வார்ப்பு பழையது.

அமாதிஸ் கதை பெற்ற வரவேற்பால் தொடர் நூல்கள் பெருகின. 1510 இல் அமாதிசின் மகனைப் பற்றிய 'எஸ்பிளாந்தியான்' வந்தது. அதில் கலாபியா என்னும் அரசி ஆண்ட 'கலிபோர்னியா' என்ற கற்பனைத் தீவு வருகிறது. பின்னர் ஸ்பானியர் கடல் கடந்து கண்ட நிலத்துக்கு அப்பெயரையே சூட்டினர். இன்று உலகறிந்த அப்பெயர் கதைப் புத்தகத்தில் பிறந்தது என்பதை எத்தனை பேர் அறிவர்?

1526 இல் வந்த எட்டாம் நூலில் யுவான் டியாஸ் என்பார் அமாதிசை இறந்துபோகச் செய்தார். 1530 இல் ஒன்பதாம் நூலை எழுதிய பெலிசியானோ தெ சில்வா அந்த இறப்பைப் பொருட்படுத்தாமலே கதையைத் தொடர்ந்தார். விரும்பிய தலைவன் சாவதை எக்காலத்து வாசகர்தாம் பொறுப்பர்? 1546 க்குள் அமாதிஸ் வரிசை 12 நூல்களாக வளர்ந்துவிட்டது. 1545 இல் வல்லதோலித் நகரத்துப் பெண்மணி பெயாத்ரிஸ் பெர்னால், 'கிறிஸ்தாலியான்' என்னும் வீரகாவியக் கதையைத் தாமே எழுதி வெளியிட்டார். படிக்கும் ஆர்வம் எழுதும் ஆர்வமாக மலர்ந்தது.

படித்தவர்கள் யார்?

ஆவிலா நகரத்துத் தெரேசா 1515 இல் பிறந்தவர். அவர் அன்னையார் இக்கதைகளில் பெரு விருப்புடையவர். தந்தையாரோ இவற்றை வெறுத்தவர். ஆகவே தாயும் மக்களும் தந்தையின் கண்ணுக்குத் தெரியாமல் படித்தனர். புதிய கதை நூல் கையில் இல்லாவிடில் தமக்கு மகிழ்ச்சியே இராது என்னும் அளவுக்கு இரவும் பகலும் படித்ததாகத் தெரேசாவே தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அவரும் அவர் அண்ணனும் சேர்ந்து அத்தகைய கதை ஒன்றை இயற்றினர் என்று, அவர் வரலாற்றை எழுதிய பிரான்சிஸ்கோ தெ ரிபேரா குறிப்பிடுகிறார்.

1521 இல் பாம்ப்லோனா கோட்டைப் போரில் காலில் காயமுற்றுப் படுத்திருந்த இக்னேசியஸ் லொயோலா, பொழுது போக்க இத்தகைய கதை நூல்களையே கேட்டார். அவ்வீட்டில் அவை இல்லாமையால் ஏசுநாதர் வரலாறும் புனிதர் வரலாறும் தரப்பட்டன. 1519 இல் மெக்சிகோ நகரின் ஏரியையும் கோபுரங்களையும் முதன்முதலாகக் கண்ட படைவீரர் பெர்னால் டியாஸ், அக்காட்சி அமாதிஸ் நூலில் வரும் மாயக் காட்சி போல இருந்தது என எழுதிவைத்தார். கண்டறியாததைக் கண்டபோது அவருக்குக் கைகொடுத்த உவமை கதைப் புத்தகத்திலிருந்தே வந்தது.

தடையும் அதன் பயனும்

எதிர்ப்பு எழாமல் இல்லை. எதிர்த்தவர்களும் தீயவர் அல்லர். வலென்சியாவில் பிறந்த பேராசிரியர் லூயிஸ் விவேஸ், பெண் கல்வி குறித்து 1524 இல் வெளியிட்ட நூலில், அமாதிசையும் எஸ்பிளாந்தியானையும் பெயர் சொல்லியே கடிந்தார். 1531 இல் ஸ்பெயின் அரசி, இக்கதை நூல்களை அமெரிக்க நாடுகளுக்குக் கப்பலில் அனுப்பலாகாது என்று ஆணையிட்டார். 1543 இல் அத்தடை மீண்டும் விதிக்கப்பட்டது. முன்னரே விதித்த தடையை மீண்டும் விதிக்க நேர்ந்தது என்றாலே, முதல் தடை பலிக்கவில்லை என்பது பெறப்படும் அன்றோ? கப்பற் சரக்குப் பட்டியல்களை ஆராய்ந்து 1949 இல் நூல் வெளியிட்ட அமெரிக்க அறிஞர் இர்விங் லெனர்ட், தடை இருந்த காலத்திலும் இந்நூல்கள் தொடர்ந்து கடல் கடந்தன என்பதை நிறுவினார்.

1555 இல் வல்லதோலித் நகரில் கூடிய நாட்டு மன்றம், இளைஞரும் கன்னியரும் இக்கதைகளில் மூழ்கிக் கெடுகின்றனர். ஆதலால் இவற்றை நாட்டிலேயே தடைசெய்ய வேண்டும் என விண்ணப்பித்தது. அச்சட்டம் வரவில்லை. 1559 இல் சமய விசாரணை மன்றம் வெளியிட்ட தடைநூற் பட்டியலில் தாய்மொழியில் எழுதப்பட்ட பக்தி நூல்கள் பல இடம்பெற்றன, அமாதிஸ் இடம்பெறவில்லை. தாம் விரும்பிப் படித்த பக்தி நூல்கள் பறிபோனதற்காகத் தெரேசா வருந்தினார்.

இதில் உற்று நோக்கத்தக்கது ஒன்று. தெரேசா தம் இளமைக் கதைவெறியைப் பின்னாளில் குறையாகவே கருதினார். அதை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது. ஆயினும், அப்பெண்மணி ஸ்பானிய உரைநடையின் முதன்மையான ஆசிரியர்களுள் ஒருவராக உயர்ந்தார். 1622 இல் இக்னேசியசும் அவரும் ஒரே நாளில் புனிதர் நிலை பெற்றனர். 1970 இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்னும் பட்டமும் அவருக்கு வழங்கப்பட்டது. கதை நூல் அவரைப் புனிதராக்கியது என்று நான் கூறவில்லை. தாய்மொழியில் தடையின்றிப் படிக்கும் பழக்கம் அவருக்கு இளமையிலேயே அக்கதைகளோடு வாய்த்தது என்றே கூறுகிறேன்.

அறிஞர் யுவான் தெ வல்தேஸ் கூற்றும் இதற்கு அரண் செய்யும். தம் வாழ்நாளின் சிறந்த பத்தாண்டுகளை இப்பொய்க் கதைகளில் செலவிட்டதாக அவர் நொந்துகொள்கிறார். எனினும் ஸ்பானிய மொழி பற்றி ஆராயும் அதே நூலில், மொழி கற்க விரும்புவோர் படிக்கத்தக்கது என அமாதிசையே சுட்டுகிறார். 1540 முதல் பிரெஞ்சு மொழியில் அமாதிஸ் வரத் தொடங்கியது. 1559 இல் அப்பெயர்ப்பில் உள்ள உரைகளையும் மடல்களையும் தனியே தொகுத்து, நயமாகப் பேசவும் எழுதவும் பழகுவோருக்கு மாதிரி நூலாக அச்சிட்டனர். பெரியோர் பழித்த கதை மொழிப்பாட நூலாயிற்று!

1605 இல் செர்வாந்தேஸ் 'டான் குயிக்சோட்' நூலில் இக்கதைகளை எள்ளி நகையாடினார். ஆனால் அந்த நகைச்சுவை முழுவதும், அவர் அவற்றை எவ்வளவு ஆழ்ந்து படித்திருந்தார் என்பதற்குச் சான்று. ஊர்க் குரு கதை நூல்களைத் தீயிலிடும் இடத்தில் எஸ்பிளாந்தியான் எறியப்படுகிறது, அமாதிசோ தப்பிவிடுகிறது. மற்றோரிடத்தில் விடுதிக்காரன் ஒருவன், அறுவடைக் காலத்து ஓய்வு நாளில் படிக்கத் தெரிந்த ஒருவரைச் சூழ்ந்து முப்பதுக்கு மேற்பட்டோர் அமர்ந்து இக்கதைகளைக் கேட்பதைச் சொல்கிறான். அவனுக்குப் போர்க் காட்சி பிடிக்கும். அவன் மகளுக்கோ பிரிந்த காதலரின் புலம்பல் பிடிக்கும்.

அப்பகுதியைப் படித்தபோது என் இளமைக்கால லயம் நினைவுக்கு வந்தது. பால்மரம் வெட்டிக் களைத்து வந்தவர்கள் மாலையில் திண்ணையில் அமர, எழுத்தறிந்த ஒருவர் தொடர்கதையை உரக்கப் படிப்பார். எழுத்தறியாத என் பாட்டியார் அடுத்த வாரக் கதை எப்படிப் போகும் என்று வாதிடுவார். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது பள்ளியில். படிக்க வேண்டும் என்னும் ஆசையைக் கற்றது அந்தத் திண்ணையில்.

நாம் செய்யத்தக்கது

பெரியோரின் அச்சம் ஸ்பெயினோடு முடியவில்லை. அமெரிக்க நூலகச் சங்கம் 2000 முதல் 2009 வரை திரட்டிய கணக்கில், விலக்கக் கோரி முறையிடப்பட்ட நூல்களுள் முதலிடம் பெற்றது ஹாரி பாட்டர் வரிசையே. அதனால் பிள்ளைகள் அதைப் படியாமல் விட்டனரா? இல்லை.

ஸ்பெயின் நாட்டுப் பிள்ளைகள் படித்தவை அவர்தம் தாய்மொழிக் கதைகள். பித்து என்று பழிக்கப்பட்டபோதும் அது அம்மொழிக்கு உரமாயிற்று. நம் பிள்ளைகளின் நிலையோ வேறு. வியப்புக் கதை வேட்கை எழும் பருவத்தில் நாம் தமிழில் கொடுக்காவிடில், வேட்கை தணியாது. வேறு மொழிக்குப் போய்விடும். பிற மொழியில் படித்தல் குற்றமன்று. தமிழ் என்றால் பயிற்சிநூல், கதை என்றால் பிறமொழி என்ற எண்ணம் பன்னிரண்டு வயதில் வேரூன்றுவதே கேடு.

இரண்டு நாள் கழித்து அந்நூலை மாணவியிடம் திருப்பிக் கொடுத்தேன். ஒரு நிபந்தனை விதித்தேன்: கதையை வகுப்புக்குத் தமிழில் சொல்ல வேண்டும். கட்டுரை என்றால் அரைப் பக்கத்தில் நின்றுவிடும் அப்பிள்ளை, மணி அடித்த பின்னும் நிறுத்தாமல் சொன்னாள். சொல் கிட்டாத இடங்களில் என்னைப் பார்த்தாள். நான் சொல் எடுத்துக் கொடுத்தேன். முடிவில் அவள், "ஐயா, இந்த மாதிரி தமிழ்ல இருக்குங்களா?" என்று கேட்டாள்.

பள்ளி நூலக அலமாரியைத் திறந்து பார்த்தேன். நன்னெறிக் கட்டுரைகளும் தேர்வு வழிகாட்டிகளும் வரிசையாக நின்றன. விக்கிரமாதித்தன் கதை ஒன்றுகூட இல்லை. கல்கியின் நாவல் ஒன்றுகூட இல்லை. மறுநாள் என் வீட்டிலிருந்து விக்கிரமாதித்தன் கதையைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன். இப்பொழுது வெள்ளிதோறும் கடைசிப் பாடவேளையில் அரைமணி நேரம் கதை படிக்கிறோம். தமிழாசிரிய அன்பர்களே, உங்கள் பள்ளி அலமாரியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.