கச்சான் காற்றும் டர்போ எஞ்சினும்

மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை மருதமுனை முதல் பொத்துவில் வரையான கரையோரத்தில் வீசும் கச்சான் காற்றைப் பற்றி எம்மவருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்காக ஒரு குறிப்பு: தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி எமது பக்கம் இறங்கும்போது வரண்டு, சூடேறி வருகின்றது. நண்பகலில் 35 பாகை செல்சியஸைத் தொடுவது அந்நாட்களில் அதிசயமன்று. நெல் தூற்றுவோருக்கு அது வரப்பிரசாதம். டர்போ பூட்டிய வாகனம் வைத்திருப்போருக்கு அது சோதனைக் காலம்.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று வீதிகளில் சுபாரு இம்ப்ரெசாவையோ மிட்சுபிஷி லான்சர் எவொலூஷனையோ காண்பது அரிது. ஆயினும் அதே டர்போ தத்துவத்தில் இயங்கும் டீசல் வான்களும் லொறிகளும் 1977 இன் திறந்த பொருளாதாரக் கொள்கைக்குப் பின்னர் ஜப்பானிலிருந்து வந்த மீள்சீரமைக்கப்பட்ட வாகனங்களோடு எம்மிடம் வந்து சேர்ந்தன. ஓட்டப்பந்தயக் காருக்கும் கொழும்புக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வானுக்கும் வெயிலில் வரும் நோய் ஒன்றே. வான்காரருக்கு எஞ்சின் போனால் குடும்பத்தின் அடுப்பும் அணைந்துவிடும் என்பதே வேறுபாடு.

டர்போவின் வரலாறு வெப்பத்தோடு நடந்த போராட்டத்தின் வரலாறுதான். சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூகி 1905 இல் இதற்கான காப்புரிமையைப் பெற்றார். வீணே வெளியேறும் புகையைக் கொண்டு ஒரு சுழலியைச் சுற்றி, அச்சுழலியால் எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி அனுப்புவது அவரது யோசனை. 1918 இல் அமெரிக்கரான சான்போர்ட் மொஸ், 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் பீக் மலைக்கு ஒரு விமான எஞ்சினைக் கொண்டுசென்று, காற்றுக் குறைந்த அவ்வுயரத்திலும் கடல்மட்டத்து வலு கிடைப்பதை நிரூபித்தார். ஆனால் காற்றை அமுக்கினால் அது சூடேறும். சைக்கிள் பம்பின் அடியைத் தொட்டுப் பார்த்த சிறுவனுக்கும் இது தெரியும்.

கணக்கைப் பாருங்கள். 35 பாகைக் காற்றை வளிமண்டல அமுக்கத்தின் 1.7 மடங்குக்கு ஒரு சாதாரண டர்போ அமுக்கினால், அது ஏறத்தாழ 105 பாகையாகி வெளிவருகின்றது. சூடான காற்று விரிந்து நிற்பதால் ஒட்சிசன் குறைகிறது, வலுவும் குறைகிறது. அதைவிடக் கெடுதியானது, பெற்றோல் உரிய தருணத்துக்கு முன்னரே தானாக வெடித்து பிஸ்டனைத் தாக்குவதாகும். எம்மவர் 'தட்டுது' என்று சொல்வது இதைத்தான். அலட்சியம் செய்தால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

ஆகவேதான் அமுக்கிய காற்றை எஞ்சினுக்குள் விடுமுன் ஆறவைக்கும் இன்டர்கூலர் தேவைப்பட்டது. இதைச் சுமந்த எஞ்சின்கள் தமிழர் மண்ணுக்கு வந்தது காரில் அல்ல, போர் விமானத்தில். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படையின் 160 ஆவது அணி, லிபரேற்றர் விமானங்களோடு 1943 இல் சிகிரியாவிலும் 1944 இல் காங்கேசன்துறையிலும் தங்கியிருந்தது. டர்போ பூட்டிய லிபரேற்றரின் எஞ்சின் உறை வட்டமாக இல்லாமல் பக்கவாட்டில் அகன்று முட்டை வடிவில் இருக்கும். இருபுறமும் இருந்த வாய்களினூடே ஒயிலையும் அமுக்கிய காற்றையும் குளிர்விக்கும் காற்று புகுந்தது. பறக்கும்போது குளிர்ச்சி தாராளம். ஓடுபாதையில் காத்துக் கிடக்கும்போதுதான் சங்கடம். அந்தச் சங்கடம் இன்றைய காருக்கும் அப்படியே பொருந்துகிறது.

கார்களுக்கு டர்போ வந்தது 1962 இல். அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்பயர் காருக்கு இன்டர்கூலர் கிடையாது. அதற்குப் பதிலாக, நீரும் மெதனோலும் கலந்த திரவத்தை உள்ளிழுக்கும் காற்றில் தெளித்தார்கள். சொந்தக்காரர்களோ அந்தத் தாங்கியை நிரப்ப மறந்தார்கள். பத்தாயிரத்துக்கும் குறைவான கார்களோடு 1963 இல் கதை முடிந்தது. பலருடைய கார்களிலிருந்து நிறுவனமே டர்போவைக் கழற்றிக் கொடுத்தது. நல்ல யோசனை, மறதிக்காரர்களின் கையில் அகப்பட்டது. 1978 இல் போர்ஷே நிறுவனம் தன் 911 டர்போவின் பின்புறச் சிறகுக்குள்ளேயே இன்டர்கூலரை வைத்து, 260 ஆக இருந்த குதிரைவலுவை 300 ஆக்கியது. எஞ்சினின் கொள்ளளவை 3.0 லீற்றரிலிருந்து 3.3 ஆகக் கூட்டியதும் அதற்கு ஒரு காரணம்.

1984 ஜூலையில் அமெரிக்காவின் டலஸ் நகரில் நடந்த போர்மியுலா வன் பந்தயம், வெயிலில் டர்போ என்ற விடயத்தை உலகுக்கே காட்டியது. வெப்பத்தில் ஓடுபாதையே பெயர்ந்தது. நின்றுவிட்ட காரைத் தள்ளிக்கொண்டு சென்ற நைஜல் மன்செல் மயங்கி விழுந்தார். ஹொண்டா டர்போ பூட்டிய வில்லியம்ஸ் காரில் வென்ற கேகே ரொஸ்பேர்க், நீரால் குளிர்விக்கப்படும் தொப்பியொன்றைத் தலைக்கவசத்துக்குள் அணிந்திருந்தார்.

எமது நாட்டில் வெள்ளையர் பந்தயத்துக்குத் தேர்ந்த இடம் நுவரெலியா. மககஸ்தொட்ட மலையேற்றம் 1934 இல் ஆரம்பமானது. அந்தக் குளிரில் எஞ்சினுக்கு என்ன கவலை? பந்தயம் களுத்துறைக்கு அண்மையிலுள்ள கட்டுக்குருந்தைப் போர்க்கால விமான ஓடுபாதைக்கு இறங்கிய பின்னர்தான் கரையோர வெப்பம் ஒரு பிரச்சினையானது. சென்னைக்கு அருகே சோழவரத்திலும் பந்தயம் நடந்தது போர்க்கால ஓடுபாதையில்தான்.

எவொலூஷன், இம்ப்ரெசா எஸ்ரிஐ ரகங்களில் இன்டர்கூலர் மீது நீர் தெளிக்கும் ஏற்பாட்டைத் தொழிற்சாலையிலேயே பொருத்தியிருந்தார்கள். வெறும் இன்டர்கூலர் காற்றை வெளிவெப்பநிலைக்குக் கீழே ஆற்றாது. நீர் ஆவியாகும்போது மட்டும் அது இயலும். எம் வீட்டுக் கூசாவில் தண்ணீர் குளிர்வதும் இதே முறையில்தான். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எஞ்சினை வதைக்கும் கச்சான் வரண்ட காற்று என்பதால், அதே கச்சானில்தான் இத்தெளிப்பு நன்கு வேலை செய்யும். பின்னேரம் ஈரமான கடற்காற்று திரும்பியதும் அதன் பலன் குறைந்துவிடும்.

இன்னொரு விடயம் எரிபொருள். ஜப்பானியச் சந்தைக்கான இக்கார்கள் அங்கு விற்கப்படும் ஏறத்தாழ 100 ஒக்டேன் பெற்றோலுக்கு ஏற்பச் சீர்செய்யப்பட்டவை. இங்கு பெரும்பாலும் கிடைப்பது 92, 95. ஒக்டேன் குறைவு, காற்றின் சூடு இரண்டும் சேரும்போது தட்டுதல் நிச்சயம். 1982 இல் சாப் நிறுவனம் தட்டுதலைக் கேட்டறிந்து அமுக்கத்தைத் தானே குறைக்கும் கருவியைக் கொண்டுவந்தது. அத்தகைய காவல் இருந்தாலும், கோடையில் 92 ஊற்றி வேகம் பார்ப்பது புத்திசாலித்தனமாகாது.

டர்போக்கள் பல ஓடும்போது சாவதில்லை, நிறுத்தியதும் சாகின்றன. நிமிடத்துக்கு ஓர் இலட்சம் தடவைக்கு மேல் சுற்றும் அச்சைத் தாங்குவது எஞ்சின் ஒயிலின் மெல்லிய படலம் ஒன்றே. புகையின் வெப்பமோ பெற்றோல் எஞ்சினில் 900 பாகையையும் எட்டும். வேகமாக வந்து சட்டென்று சாவியைத் திருப்பினால் ஒயில் ஓட்டம் நின்றுவிடும்; சுழலியின் சூடு மட்டும் தாங்கிக்குள் இறங்கி, எஞ்சிய ஒயிலைக் கரியாக்கிவிடும். போர்க்காலத்தில் மட்டக்களப்பு வீதியில் பயணித்தோர் சற்று நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் ஓடிவந்த சூட்டோடு எஞ்சினை நிறுத்தி, இறங்கி நடந்து, மீண்டும் ஏறினோம். 2013 இல் புதிய பாலம் திறக்கப்படும் வரை ஒருவழிப் பாதையான கல்லடிப் பாலத்தின் வாயிலிலும் அதே காத்திருப்பு. அவ்வாறு கரியான டர்போக்களுக்குக் கணக்கு வைத்தவர் யாருமில்லை. 1980களில் தாங்கியைச் சுற்றி நீரோட்டம் விடும் டர்போக்கள் பரவிய பின்னர் இந்நோய் தணிந்தது. ஆயினும் கடைசி ஒரு கிலோமீற்றரை மெதுவாக ஓட்டி, ஓரிரு நிமிடம் எஞ்சினை வெறுமனே இயங்கவிட்டு நிறுத்துவதே இன்றும் மலிவான வைத்தியம்.

எமது கராஜ் பாஸ்மாரிடம் இரண்டு பழக்கங்கள் இருக்கின்றன. சூடேறினால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது ஒன்று. பல எஞ்சின்களில் அதைக் கழற்றினால் பக்கவழி மூடாமலே இருந்து, நீரின் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பிவிடும், சூடு கூடும். மற்றையது, 'உறைதடுப்பான் நமக்கெதற்கு, பனியா பெய்யுது?' என்று கிணற்று நீரை ஊற்றுவது. அத்திரவம் நீரின் கொதிநிலையை உயர்த்துகிறது, துருவையும் தடுக்கிறது. எங்கள் கரையோரக் கிணற்று நீரோ உவர்ப்பும் கடினமும் கொண்டது. 2004 டிசம்பர் 26 இல் அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன கடல், கிணறுகளையும் உப்பாக்கிச் சென்றது. குடிக்க முடியாத நீரை வாகனத்துக்கு ஊற்றினால் ரேடியேட்டர் குழாய்களில் படிவு ஏறாமல் என்ன செய்யும்? இன்டர்கூலரின் மெல்லிய அலுமினியத் தகடுகளையும் கடற்கரை உப்பும் மணலும் அரிக்கின்றன. மாதமொருமுறை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவிவிட வேண்டும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய எஞ்சின்களின் பெறுமதி எல்லோருக்கும் புரிந்தது. 2022 இல் எரிபொருள் வரிசைகளில் நின்றவர்கள் பத்து யார் நகர்வதற்கு ஒருமுறை எஞ்சினை இயக்கி நிறுத்தினார்கள். பலர் கையால் தள்ளியே நகர்த்தினார்கள். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது. வரியைக் கேட்டவர்கள் பழைய வானின் ரேடியேட்டரைக் கழுவத் திரும்பிவிட்டார்கள்.